பின்பாட்டு

எனக்குக் குரல் கிடையாது. மெட்டுப் போடுகிறவனுக்குக் குரலும் இருந்தாகவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஊருக்கே பிரியாணி கிண்டுகிற மாஸ்டர்கள் பலபேர் வீட்டில் ரசஞ்சோறுதான் சாப்பிடுகிறார்கள். எனக்குக் காது உண்டு. அதை வைத்துக்கொண்டே இத்தனை வயது வரைக்கும் காலத்தை ஓட்டிவிட்டேன்.

நீங்கள் மாடியேறி வந்தது எனக்கு மெய்யாகவே சந்தோஷம். பழங்காநத்தத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து இந்தப் படியில் ஏறுகிறவர் தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருவர்தான். அவரும் கேனை வாசலில் வைத்து மணியை அடித்துவிட்டுப் போய்விடுவார். மகள் ரூபினா ஷார்ஜாவில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை போனில் முகத்தைக் காட்டுவாள். "அத்தா, சாப்பிட்டீங்களா" என்பாள், சாப்பிட்டேன் என்பேன், பேரன் வந்து கையை ஆட்டுவான். அவ்வளவுதான். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் அம்மா மவுத்தானபிறகு இங்கே அவளுக்கு என்ன இருக்கிறது? நான்தான் இருக்கிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "பாய், நீங்க மெட்டை எப்ப நிறுத்தினீங்க?" இதற்குப் பதில் உங்களுக்கே பாதி தெரிந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா நீங்கள், நோயாளி அடக்கமாகி நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதி முடிந்தபிறகு, திருநெல்வேலியிலிருந்து இந்த வெயிலில் பஸ் ஏறி வரமாட்டீர்கள். சொல்கிறேன். நடுவிலிருந்து சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். அதனால் முதலிலிருந்து கேளுங்கள் திவ்யாம்மா. பேச வராதவர்கள் பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்திருப்பதுதானே உங்கள் வேலை.

நைனா முகமது அண்ணனை நீங்கள் கட்டிலில்தான் பார்த்தீர்கள். வாய் ஒரு பக்கம் இழுத்து, வலது கை மடங்கி, கேட்டதற்கெல்லாம் "தா, தா" என்று சொல்லிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தீர்கள். நான் பார்த்த ஆள் வேறு. சிம்மக்கல்லில் எனக்குப் பிளாஸ்டிக் குடம், வாளி மொத்த வியாபாரம். எதிர்வரிசையில் அவருக்குப் பட்டன், நூல், லேஸ் விற்கிற கடை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அந்தத் தெருவில் யாவாரம் தூங்கும். அந்த நேரத்தில் அவர் ஆட்டோக்களுக்கு நடுவில் கையை ஆட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி வருவார். வாயில் ஒரு புதுப் பாட்டடி இருக்கும். நான் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவேன். அவர் சொல்லைத் தருவார், நான் மெட்டைத் தருவேன். அவர் எதையும் எழுதிவைக்கிற ஆளில்லை. மெட்டில் வைத்தது மறக்காது என்பார்.

உங்களுக்குப் பைத்து சபா என்றால் தெரிந்திருக்காது. கல்யாண வீட்டிலும் நபி பிறந்த மீலாது மாதத்திலும் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, தப்ஸ் என்கிற கைப்பறையை அடித்து, நபியின் புகழைப் பாடுவார்கள். ஒருவர் முன்பாட்டாக அடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டாக வாங்கிப் பாடுவார்கள். எங்கள் சபாவின் பாட்டெல்லாம் நைனா அண்ணன் பாட்டு. மெட்டெல்லாம் இந்த ஜுல்பிகர் மெட்டு. பாட்டின் கடைசிக் கண்ணியில் எழுதியவர் தன் பேரை வைப்பது எங்களில் வழக்கம். ஏழை நைனா கேட்கிறேன், பாவி நைனா அழுகிறேன் என்று எப்படியாவது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். அந்தப் பேர் வரும்போது எங்கள் சபாவில் எல்லாத் தப்ஸும் ஒரு கணம் நிற்கும். வெறும் பேர் மட்டும் கூடத்தில் நிற்கும். கேட்கிறவர்களுக்கு மயிர் சிலிர்க்கும்.

அந்த நிறுத்தத்தை வைத்தவன் நான். பாட்டுக்குள் எழுதியவர் பேரை வைக்க ஓர் இடம் இருக்கிறது. மெட்டுக்குள் மெட்டுக்காரன் தன் பேரை எங்கே வைப்பான்? அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. கொஞ்சம் வருத்தப்பட்டேன். ஊசி போகிற வழியில் நூல் போகிறது, இதில் நூலுக்கு என்ன கௌரவம் என்று என்னை நானே கேலி செய்துகொள்வேன். என் மனைவி போனபிறகு, ஒரு நாளில் நான் பேசுகிற பேச்சு என்று இருந்தது அந்த மத்தியானப் பேச்சு ஒன்றுதான். நான் கடையை விற்றபிறகும் அந்த நேரத்துக்குப் பஸ் ஏறிச் சிம்மக்கல்லுக்குப் போய்விடுவேன். அவருடைய பட்டன் டப்பாக்களுக்கு நடுவே எனக்கு ஒரு ஸ்டூல் இருந்தது.

போன வருடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் சொன்னார்.

"மாப்ள, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத."

"சொல்லுங்கண்ணே."

"இந்த மீலாதுக்கு நம்ம சபாப் பய பரீத் மெட்டுப் போடட்டுமே. கீபோர்டெல்லாம் வச்சிருக்கான். பயலுக அவன் கூடப் பாடத்தான் பிரியப்படுறாய்ங்க. நம்ம மெட்டு எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்குங்கிறாய்ங்க."

"அப்ப நான்?"

"நீ எப்பயும் போல வந்து உக்காரு. உன்னைய யாரு வேணாங்குறா?"

நம்ம மெட்டு என்றார் பாருங்கள், அது அவருடைய நல்ல மனசு. கெட்டதைச் சொல்லும்போது என்னைத் தனியே விடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சபாவில் எல்லோரிடமும் சொல்லிவிடுவோம் என்றார். சரி என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது என் மெட்டுகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் பாடிப் பார்த்தேன். ஒன்று மாதிரி ஒன்று இல்லை. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

வியாழக்கிழமை காலையில் அவர் குளியலறையில் விழுந்தார்.

அல்லாஹ் எனக்கு ஒரு வழி காட்டினான் என்று நான் நினைத்ததாக எழுதிவிடாதீர்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் விம்மி விம்மி அழுதேன். அவர் மனைவி அஜ்மல் பீவி மதினிதான், தன் அழுகையை விட்டுவிட்டு, என்னைத் தேற்றினார். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. சபாவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவருக்கு வாய் இல்லை. அழுகைக்கு நடுவில் அதையும் நான் கவனித்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சபாக்காரர்கள் பார்க்க வந்து கட்டிலைச் சுற்றி நின்று மெதுவாக ஒரு பாட்டை எடுத்தார்கள். அவருடைய பாட்டிலேயே பேர்போன பாட்டு.

மணலில் நடந்த பாதம் என்
மனத்தில் நடக்காதா.

நாலைந்து நாளாக ஒரு சொல்லும் வராத மனிதர் வாயைத் திறந்து கூடவே பாடினார். சொல் பிசகாமல் பாடினார். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் ஓடிப்போய் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேச்சு மூளையில் ஒரு பக்கம், பாட்டு இன்னொரு பக்கம், கதவு அடைத்துக்கொண்டால் ஜன்னல் வழியாகச் சொல்லை வெளியே எடுக்கலாம் என்று நீங்கள் விளக்கினீர்கள். அன்றாடம் தேவைப்படுகிற பேச்சைச் சின்னச் சின்ன மெட்டில் வைத்து, இடது கையால் தாளம் தட்டவைத்துப் பாடச்சொல்லவேண்டும். முதலில் கூடவே பாடவேண்டும். பிறகு நம் குரலைக் குறைக்கவேண்டும். பிறகு மெட்டைக் குறைக்கவேண்டும். கடைசியில் வெறும் பேச்சு வந்து நிற்கும்.

"வெளிய ஆள் தேடுவானேன், மெட்டுக்காரவுக நம்ம வீட்டுலயே இருக்காகளே" என்று மதினி என்னைக் காட்டினார்.

நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "ரொம்ப நல்லது. ஆனா பாய், மெட்டு ஊன்றுகோல் மாதிரி. அவர் நடக்க ஆரம்பிச்சதும் எடுத்துடணும்."

நீங்கள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். எனக்கு அந்தச் சேதி இரண்டாவது தடவையாக வந்தது.

ஆனாலும் ஆரம்பத்தில் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். என் வாழ்க்கையிலேயே அதுபோன்ற காலம் வந்ததில்லை. "தண்ணி வேணும்" என்பதற்கு மணலில் நடந்த பாதத்தின் முதல் அடியையே சுருக்கிக் கொடுத்தேன். "ஜன்னலைத் தொற" என்பதற்கு மேலே போய் நிற்கிற ஒரு மெட்டு. "மூத்திரம் வருது" என்பதற்குத் தாலாட்டுச் சாயலில் ஒன்று, அதில் சின்னதாக ஓர் அசைவுகூட வைத்திருந்தேன். நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன், அவரும் பாதி வாயால் சிரித்தார். மதினி பாத்திரம் கழுவும்போது அவரை அறியாமல் "தண்ணி வேணும்" என்று முனகுவார். எல்லாம் ஒன்று மாதிரி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒரு மனிதனுக்குத் தாகம் எடுத்தால் அது என் மெட்டில்தான் வெளியே வந்தாகவேண்டும். உலகத்தில் எந்தப் பெரிய இசையமைப்பாளருக்கு அந்த இடம் கிடைத்திருக்கிறது, சொல்லுங்கள்.

பயிற்சி நேரத்தில் அறைக்கதவு சாத்தியிருக்கும். நபி புகழ் பாடுகிற மெட்டு என்பதால் மதினி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விலகிப் போவார். "பைத்து நடக்குற எடத்துல குறுக்க மறுக்க போகக்கூடாது" என்பார். விளாங்குடியிலிருந்து அவர்கள் மகள் ஆஷிகா வந்தாலும் வாசலிலேயே நிறுத்திவைப்பார். மத்தியானங்கள் முழுக்க நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எனக்கு வேறென்ன வேண்டும்?

நீங்கள் திருநெல்வேலிக்கு மாற்றலாகிப் போனபிறகு ஒரு மத்தியானம். நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"ஃபேனைக் குறை."

பாடவில்லை. சொன்னார். கொஞ்சம் குழறல்தான். ஆனால் சொல் சொல்லாக இருந்தது, மெட்டே இல்லாமல். அவருக்கே அது ஆச்சரியம். கண் பெரிதாகிவிட்டது. மறுபடியும் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவையும் சொல்லிப் பார்த்தார். பிறகு இடது கையால் மெத்தையில் தட்டிக்கொண்டு அதையே பாடினார். உடனே போய் ஃபேனைக் குறைத்தேன். நன்றாகப் பாடினீர்கள் அண்ணே என்று தலையைத் தடவிக்கொடுத்தேன்.

மனிதன் சீக்கிரம் கற்றுக்கொள்கிறான். இரண்டு மூன்று வாரத்தில் என்னிடம் சொல்லிப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

மதினியிடம் மட்டும் அவ்வப்போது ஒரு சொல்லை மெட்டில்லாமல் விட்டுப் பார்த்தார். அப்போதுதான் உங்கள் பேரைச் சொன்னேன். டாக்டரம்மா போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது மதினி, பாடினால்தான் கொடுக்கவேண்டும், வெறுமனே கேட்டால் காதில் வாங்கக்கூடாது, இல்லையென்றால் வந்த பேச்சும் கெட்டுப்போகும் என்று சொன்னேன். "டாக்டரம்மா சொல்லிருச்சுன்னா சரித்தான்" என்றார் மதினி. துக்கம் கேட்க நீங்கள் போனபோது இதைத்தானே உங்களிடம் சொன்னார்? நீங்கள் அப்படிச் சொல்லவேயில்லை என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். அவரிடம் நீங்கள் அதை மறுத்துச் சொல்லாமல் வந்தது பெரிய மனசு. உங்கள் பேரை எடுத்ததற்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் போனில் விசாரித்தபோதெல்லாம் முன்னேற்றம் இல்லையம்மா, மெட்டை எடுத்தால் வார்த்தை நிற்கமாட்டேன் என்கிறது என்றேன். தொடருங்கள் என்றீர்கள். தொடர்ந்தேன்.

பரீத் ஒருநாள் வந்தான். நல்ல பையன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. காதும் நல்ல காது, அவசரம்தான் ஜாஸ்தி. ஸலாம் சொல்லிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனின் கையைப் பிடித்தான். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "பரீ... பரீத்து... மெட்டு... நீ..." என்று இழுத்தார். அதற்குமேல் போகமுடியவில்லை. பரீத் என்ற பேருக்கு நான் மெட்டுப் போட்டிருக்கவில்லை. எந்தச் சொல்லுக்குப் போடுவது, எதற்குப் போடாமல் இருப்பது என்பது என் இஷ்டம்தானே.

"என்ன மாமு சொல்றாக?" என்று பரீத் என்னைக் கேட்டான்.

"மீலாதுக்கு மெட்டெல்லாம் ஜுல்பிகரே பாத்துக்கிருவான், நீ கூட இருந்து ஒத்தாசை பண்ணுன்னு சொல்றாக" என்றேன்.

அண்ணன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாதம் வந்தவர்களுக்கு அழுகை அடங்காது என்று பரீத்துக்கும் தெரியும். "அழுகாதீங்க மாமு, நான் கூட இருந்து செய்றேன்" என்று அவர் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான். அவரோடு இருந்த நாளெல்லாம் நான் அவருடைய சொல்லைத்தான் தூக்கித் திரிந்தேன். அன்றைக்கு ஒரே ஒரு தடவை என் சொல்லை அவர் தூக்கினார். அதில் என்ன தப்பு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் என்னோடு பாடமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த நாட்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பக்கத்தில் ஆள் இருக்கும்போதே தனியாக இருப்பது, வீட்டில் தனியாக இருப்பதைவிடக் கொடுமை. நான் கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். தாகத்தைவிடப் பெரிய வாத்தியார் கிடையாது. சாயங்காலத்துக்கு முன்னால் பாடிவிட்டார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து நான் போனேன். மதினி அடுப்படியில் மிக்ஸியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் துண்டை எடுக்கத் திரும்பியபோது இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"மாப்ள, நெஞ்சு வலிக்குது. அஜ்மலைக் கூப்பிடு."

குழறல் இல்லை. திணறல் இல்லை. விழுவதற்கு முன்னால் பேசுவாரே, அதே பேச்சு. பட்டன் கடையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. நீங்கள் ஆசைப்பட்டது அதுதான் திவ்யாம்மா. ஊன்றுகோல் இல்லாமல் ஒரு முழுப் பேச்சு. உங்கள் வைத்தியம் பலித்துவிட்டது என்று இந்த இடத்தில் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்கிறேன். வலிக்கிறது என்கிறாரே என்று முதலில் தோன்றவில்லை. பேச்சு வந்துவிட்டதே என்றுதான் தோன்றியது. இப்படிப் பேசுகிறவர் நாளைக்கே மதினியிடம் பேசுவார், நாளன்றைக்குப் பரீத்திடம் பேசுவார், வெள்ளிக்கிழமை சபாவில் பேசுவார். நான் எப்பயும் போல வந்து உட்காரலாம். அந்த ஸ்டூல் என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"பாட்டாச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்லமுடியாது. பேரம் படியாத கடைக்காரரை ஒருவர் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு மணிக்கட்டை விட்டுவிட்டு மெத்தையில் தட்டினார். பாடினார்.

நெஞ்சு வலிக்குது மாப்ள என்
அஜ்மலைக் கூப்பிடுடா.

மணலில் நடந்த பாதத்தின் மெட்டு. அந்த நிலைமையிலும் அடி சரியாக விழுந்தது பாருங்கள். ஒரு அசை கூடவில்லை, குறையவில்லை. சொல்லை மெட்டில் உட்காரவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள மதுரையில் ஆள் கிடையாது. நான் அவரைப் பற்றிப் பெருமைப்பட்டேன்.

சொல் வெளியே கேட்டுவிடும் என்று பயந்தேன். அதனால் எப்போதும் போலப் பின்பாட்டை எடுத்தேன். எனக்குக் குரல் இல்லை என்றேனே, அன்றைக்குக் கொஞ்சம் உரக்கவே எடுத்தேன். சொல்லாகப் பாடவில்லை, ராகமாக இழுத்தேன். அவருடைய சொல் என் ராகத்துக்குள் போய்விட்டது. அவர் மறுபடி பாடினார். நான் மறுபடி வாங்கினேன்.

மிக்ஸி நின்றது. மதினி கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிற வளையல் சத்தம் எனக்குக் கேட்டது. உள்ளே வரவில்லை. பைத்து நடக்கிற இடம் இல்லையா?

"இன்னைக்கு நல்லாப் பாடுறாக" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"ஆமா மதினி" என்றேன்.

"மாஷா அல்லாஹ். நடக்கட்டும், நான் அப்பறமா வாரேன்" என்று போய்விட்டார்.

அண்ணன் அதைக் கேட்டார். காலடிச் சத்தம் போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு "கூப்பிடு" என்ற சொல் மட்டும் ஓரிரு தடவை வந்தது, சுருதி இறங்கி வந்தது. நான் சரியான சுருதியை எடுத்துக்கொடுத்தேன். பழக்கம். அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

கதவு கைக்கு எட்டுகிற தூரம்தான். தெருமுனையில் ஆட்டோ ஸ்டாண்டு, தாண்டினால் ஆஸ்பத்திரி. நான் கூப்பிட்டிருந்தால் மதினி வந்திருப்பார். எனக்குத் தெரியாமல் நடந்தது, கைமறதியாக நடந்தது என்றெல்லாம் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். தெரிந்துதான் கூப்பிடவில்லை. அவர் அடங்கியபிறகும் கொஞ்ச நேரம் தனியாகப் பாடிக்கொண்டிருந்தேன். பாட்டு நடுவில் நின்றால் வெளியே இருப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். பிறகு போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன்.

"தூங்கிட்டாகளா?" என்றார் மதினி.

"தூங்கிட்டாக" என்றேன்.

சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொன்னபிறகுதான் போய்ப் பார்த்திருக்கிறார். நான் பஸ்ஸில் இருந்தேன். போன் வந்ததும் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பினேன்.

ஜனாஸாவுக்கு அவ்வளவு கூட்டம். எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். நபி புகழைப் பாடிக்கொண்டே ரூஹ் பிரிந்ததாம், எம்புட்டுப் பெரிய பாக்கியம், யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். மதினி அதைச் சொல்லிச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொள்கிறார். "நாங்கேட்டேன், எங்காதால கேட்டேன், அம்புட்டு நல்லாப் பாடுனாக" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நீங்கள் இப்போது கேட்டதை அவரிடம் போய்ச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் தடுக்கவில்லை. போலீசுக்குப் போவதென்றாலும் போகலாம். இங்கே உங்களிடம் சொன்னதை அங்கேயும் இதே மாதிரி சொல்வேன். அங்கே நாலு பேராவது இருப்பார்கள்.

மீலாது மாதம் வந்தது. பரீத்தான் மெட்டுப் போட்டான். அண்ணனே இல்லாதபோது வேறு யார் என்னை வைத்துக்கொள்வார்கள்? மரியாதையாகத்தான் நடத்தினார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு, "வந்து உக்காருங்க மாமு" என்றான். உட்கார்ந்தேன். அண்ணனுடைய பழைய பாட்டு ஒன்றுக்குப் புது மெட்டு. மோசமில்லை. கடைசிக் கண்ணியில் பேர் வந்தபோது தப்ஸ் நிற்கவில்லை. அவனுக்கு அந்த இடம் பிடிபடவில்லை. பேர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவருக்காக உலகத்தில் அழுவதற்கு என்னைவிட உரிமை உள்ள ஆள் யார் இருக்கிறார்கள்?

மெட்டை எப்போது நிறுத்தினேன் என்று கேட்டீர்கள். நிறுத்தவே இல்லை, அதுதான் பதில். அதை நீங்கள் எந்தப் பேரில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், கொலை என்றுகூட எழுதலாம், நான் வழக்காடப்போவதில்லை. ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். எத்தனையோ பேர் ஆஸ்பத்திரியில், அறையில், நடுரோட்டில் யாருமில்லாமல் போகிறார்கள். நைனா அண்ணன் அப்படித் தனியாகப் போகவில்லை. கடைசி மூச்சு வரைக்கும் கூடவே ஒருத்தன் பாடிக்கொண்டிருந்தான். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.